டயர்க் கடையில் இறுதியாட்டம்

நவம்பர் பத்துக்குள் பனிக்கால டயர் மாற்றியாக வேண்டும்,
இங்கே அது சட்டம்.
ஆகவே பானெவெஜிஸில் பாதி ஊர்
ரோமாஸின் கடைப் பெஞ்சில்,
கார்கள் அந்தரத்தில் தொங்க,
கையில் ஆறிப்போன காப்பியோடு.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
வேறென்ன செய்வது?
பத்தொன்பது வருடப் பழைய இறுதியாட்டத்தை
மறுபடி ஆடுகிறார்கள்.

"எழுபத்தொன்றுக்கு எழுபது" என்கிறார் வைதோதாஸ்,
நேற்று நடந்ததைப் போல.
"இரண்டு வினாடி மிச்சம். பந்து எகிதியுஸ் கையில்.
ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்,
அவன் ஒருத்தன்தான் மூச்சு விட்டான்.
கோப்பை அந்த மூச்சுக்குத்தான்.
மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்."

மருந்துக்கடை நியோலே விடுவாளா?
"மூன்றாம் பகுதியில் எங்கே இருந்தான் உங்கள் எகிதியுஸ்?
நாலு ஃபவுல் வாங்கி, தலையில் துண்டைப் போட்டு,
வெளியே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றான்.
பதினொரு பாயிண்ட் பின்னால் கிடந்தோம்.
அதை ஒன்றாக்கியது யார்?
பேக்கரியில் இரவு வேலை முடித்து
தூங்காமல் வந்தானே, அந்த ஒல்லிப் பையன்...
பாருங்கள், பேர்கூட வாய்க்கு வரவில்லை.
அதைத்தான் நான் சொல்கிறேன்."

பேர் கெஸ்டாஸ்.
ஒன்பது ரீபவுண்ட்.
தாளின் ஓரத்தில் பென்சிலால் நான் போட்ட கோடுகள்,
யாரும் கேட்காமல்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வாத்தியார்
சமாதானம் செய்யப் பார்க்கிறார்:
"சக்கரத்துக்கு நாலு போல்ட்.
இதில் எது முக்கியம் என்றால் என்ன சொல்வது?"
காருக்கு அடியிலிருந்து ரோமாஸ்:
"உங்கள் காருக்கு அஞ்சு."

அவனும் அன்று ஆடினான்.
கடைசிப் பந்துக்கு அவன் செய்தது ஒன்றுதான்:
போய் நின்றான்.
எகிதியுஸைத் துரத்தி வந்த பிர்ஜாய்க்காரன்
கதவென்று நினைத்துச் சுவரில் மோதினவனைப் போல
அந்த மார்பில் மோதினான்.
விலா எலும்பில் விரிசல் என்று மறுநாள் தெரிந்தது.
புள்ளிக்குக் கட்டம் உண்டு, ஃபவுலுக்கு உண்டு,
சுவருக்குத் தாளில் கட்டம் இல்லை.

எனக்குத் தெரியும். தாள் என்னிடம்தான் இருந்தது.
கூட வரவேண்டியவளுக்குக் காய்ச்சல்,
அதனால் கடிகாரமும்.
ஹாலில் ஹீட்டர் பழுது, விரல்கள் விறைத்திருந்தன
என்று எனக்கு நானே
ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன்.

பந்து உள்ளே வந்து கையில் பட்டதும்
பொத்தானை அழுத்த வேண்டும்.
நான் பந்தைப் பார்க்கவில்லை.
முட்ட வருகிறவனைக் கண்டும்
ஓர் அங்குலம் நகராமல்
கண்களை மட்டும் மூடிக்கொண்ட முகத்தைப் பார்த்தேன்.

எகிதியுஸின் விரலைவிட்டுப் பந்து கிளம்பியபோது
பலகையில் பூஜ்யம் புள்ளி ஒன்று
இன்னும் மிச்சம் இருந்தது.

நடுவர் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
பிர்ஜாய் கோச் மேசைக்கே வந்து
கை குலுக்கிவிட்டுப் போனார்,
நல்ல மனிதர், அவர் கை சூடாக இருந்தது.
ஊர் முழுக்க வலையைப் பார்த்துக் கத்தியது.
தரையில் கிடந்தவன் மட்டும்
கண் திறந்த திசையில் இருந்தது என் மேசை.
அப்போதுதான் என் விரல் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ அங்கேதானே இருந்தாய்,"
வைதோதாஸ் என் பக்கம் திரும்புகிறார்,
"நீயே சொல், ஜெயிக்க வைத்தது யார்?"
"காப்பி ஆறிவிட்டது" என்கிறேன்.

ரோமாஸ் வெளியே வந்து கையைத் துடைக்கிறான்,
ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல்.
சாவியை என்னிடம் நீட்டுகிறான்.
"ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை கொண்டுவா.
எவ்வளவு முடுக்கினாலும்
கொஞ்சம் தளரும்."